கையால் ஆன சிறகும் போரில் விளைந்த எஞ்சினும்
அமெரிக்க வீட்டு விமானங்களில் தாரைச் சுழலி பொருத்தப்பட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நீராவி எஞ்சின் என்றதும் ஜேம்ஸ் வாற், ஆகாய விமானம் என்றதும் றைற் சகோதரர் என ஒரு பொருளை ஒரு பெயரோடு முடிச்சிட்டுவிட்டால் விளக்கம் முற்றுப்பெற்றதாகக் கருதப்படுகிறது. இலக்கிய வரலாற்றைப் புலவர் சரித்திரமாக மட்டும் எழுதிய மரபு நமக்குப் பழக்கமானதே. அம்மரபின் குறைபாடுகளை இன்று நாம் உணர்ந்துள்ளோம். ஆயின் பொறிகளின் வரலாற்றை வாசிக்கும்போது அதே குறைபாட்டை நாம் கவனியாது விட்டுவிடுகிறோம்.

இக்கட்டுரை ஒரு சிறிய விடயத்தையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1970களின் நடுப்பகுதி முதல், தனிமனிதர் பலர் தமது வீட்டு வாகனக் கொட்டகைகளிலே, முன்புறத்தில் சிறுசிறகு கொண்ட ஒருவகை விமானத்தைத் தம் கையாலேயே கட்டிப் பறந்து வந்துள்ளனர். பின்னர் இவர்களுள் ஒரு சிலர், அவ்விமானத்திற்குரிய சிறிய ஆடுதண்டு எஞ்சினை விலக்கிவிட்டு, படைத்துறை ஹெலிகொப்ரரிலிருந்து கழிக்கப்பட்ட சுழலி எஞ்சினைத் தாரை எஞ்சினாக மாற்றிப் பொருத்தினர். இது தனிமனித ஆற்றலின் உச்ச வெளிப்பாடு எனப் பொதுவாகப் பாராட்டப்படுகிறது. அப்பாராட்டு எவ்வளவு தூரம் பொருந்தும்? அத்தகைய விமானமொன்றில் யார் யாருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது? இவ்வினாக்களுக்கு விடைகாண்பதே நமது நோக்கமாகும்.

2

முன்சிறகு விமானம் புதியதொன்றன்று. 1903 டிசெம்பர் 17இல் றைற் சகோதரர் பறந்த விமானத்திலேயே ஏற்றவிறக்கத்தைக் கட்டுப்படுத்தும் தளம் முன்னாலேதான் இருந்தது. அதன் உந்துவிசிறிகளும் பின்னிருந்தே தள்ளின. 1906இல் பாரிஸில் சந்தோஸ் டுமோன் பறந்த விமானமும் இவ்வமைப்பினதே. நீண்ட கழுத்தை முன்னே நீட்டிப் பறக்கும் வாத்தின் தோற்றத்தை ஒத்திருந்தமையால், வாத்து எனப் பொருள்படும் ‘கனார்ட்’ என்ற பிரெஞ்சுச் சொல்லே இவ்வமைப்புக்குப் பெயராயிற்று. பின்னர் வாலைப் பின்னே கொண்ட அமைப்பு மேலோங்க, இவ்வடிவம் ஏறத்தாழ மறக்கப்பட்டது.

அது மீண்டும் தலைகாட்டியமை போர்ச்சூழலிலேயாகும். 1945 ஆகஸ்ட் 3இல் யப்பானியக் கடற்படைக்காகப் பறக்கவிடப்பட்ட ‘சின்டென்’ என்னும் போர்விமானம், பின்னிருந்து தள்ளும் ஆடுதண்டு எஞ்சினைக் கொண்ட முன்சிறகு விமானமாகும். பிற்காலத்தில் அதற்குத் தாரை எஞ்சினைப் பொருத்துவதென்ற திட்டமும் வரையப்பட்டிருந்தது. சில தினங்களில் போர் முடிவுற, அத்திட்டம் தாளிலேயே நின்றுவிட்டது. எனினும், முன்சிறகு அமைப்பும் தாரை எஞ்சினும் ஒன்றையொன்று நாடுவன என்பது அன்றே புலனாயிற்று எனலாம். எஞ்சின் பின்னால் இருக்க, அதற்கும் பின்னால் வால் எதுவும் இல்லாமையால், வெப்ப வாயு தடையின்றி வெளியேறுகிறது. 1967இல் முதன்முதலாகப் பறந்த சுவீடன் நாட்டு ‘விகென்’ போர்விமானம் இவ்விரண்டையும் வெற்றிகரமாக இணைத்துக் காட்டியது.

இவ்விகெனின் உருவமே அமெரிக்கப் பொறியியலாளரான பேர்ட் றூற்றனைக் கவர்ந்தது. 1965 முதல் 1972 வரை எட்வேர்ட்ஸ் விமானப்படைத் தளத்திற் சோதனைப் பொறியியலாளராகப் பணியாற்றிய அவர், ‘பன்ரம்’ போர்விமானம் கட்டுப்பாடிழந்து சுழன்று வீழ்வது தொடர்பான சோதனைகளில் ஈடுபட்டிருந்தார். சிறகின் தூக்குவிசை அற்றுப்போதல் விமானிக்கு எத்துணை ஆபத்தானது என்பதை அவர் நேரிற் கண்டவர். நன்கு வடிவமைக்கப்பட்ட முன்சிறகு விமானத்தில், பிரதான சிறகு தூக்குவிசையை இழக்குமுன்னரே முன்சிறகு இழந்துவிடுகிறது, மூக்கு தானாகவே தாழ்கிறது, வேகம் மீள்கிறது. வீட்டில் விமானம் கட்டிப் பறக்கும் எளிய மனிதனுக்கு இது ஒரு காப்பு. போர்விமானச் சோதனையிற் பெற்ற அனுபவமே இக்காப்பின் தோற்றுவாய் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1972இல் அவரது ‘வாரிவிகென்’ பறந்தது. 1974இல் கலிபோர்ணியாவின் மொகாவிப் பாலைநிலத்தில் அவர் தமது சிறு நிறுவனத்தை ஆரம்பித்தார். 1975 மே மாதம் ‘வாரிஈசி’யும், 1979 யூன் மாதம் ‘லோங்-ஈசி’யும் பறந்தன.

3

றூற்றனின் நிறுவனம் விமானங்களை விற்கவில்லை என்பது இங்கு முக்கியமானதாகும். அது விற்றது ஒரு நூலை. விமானத்தை எவ்வாறு கட்டுவது என்பதைப் படிமுறையாக விளக்கும் வரைபடங்களும் உரையும் கொண்ட நூல் அது. இலக்கிய மாணவர்களான நாம் இந்நூலை ஒரு பனுவலாகவே நோக்க விரும்புகிறோம்.

அதுவரை வழக்கிலிருந்த வீட்டு விமானங்களுக்கு மரவேலையோ உருக்குக் குழாய்களை ஒட்டும் வேலையோ உலோகத் தகட்டு வேலையோ தெரிந்திருத்தல் வேண்டும். றூற்றனின் முறை இவற்றை வேண்டவில்லை. நமது நாட்டில் ரெஜிபோம் என வழங்குவதை ஒத்த நுரைக்கட்டியைச் சூடேற்றிய கம்பியால் சிறகின் வடிவத்தில் அறுத்தெடுத்து, அதன்மேல் கண்ணாடிநார்த் துணியை எபொக்சிப் பிசினில் தோய்த்துப் படிப்படியாக ஒட்டுவதே அம்முறை. விலையுயர்ந்த அச்சுகள் தேவையில்லை. நுரைக்கட்டியே அச்சாகவும் அகணியாகவும் அமைந்துவிடுகிறது. இதனால் உற்பத்திக் கருவியின் விலை என்னும் மதில் பெருமளவுக்குத் தகர்ந்தது.

கருவியின் இடத்தை உரைநடை பெற்றது. வாசகர் எடுத்தவுடன் சிறகைக் கட்டுமாறு பணிக்கப்படுவதில்லை. முதலிற் சிறு பயிற்சித் துண்டுகளைச் செய்து, அவற்றின் வலிமையைத் தாமே சோதித்துப் பார்த்து நம்பிக்கை பெற்ற பின்னரே அடுத்த அதிகாரத்துக்குச் செல்கிறார். நூலின் நடை பேச்சுவழக்குக்கு அண்மையானது; கட்டளையிடுவதோடு காரணமும் கூறுவது. ஓர் உறுப்பு ஏன் இவ்வளவு தடிப்பாக இருத்தல் வேண்டும், விமானத்துக்கு ஏன் வெண்ணிறமே பூசப்படல் வேண்டும் என்பனவற்றை அது விளக்குகிறது. வெயிலிற் கருநிறப் பரப்புச் சூடேறினால் பிசின் இளகிவிடும் என்பதே பின்னையதற்குக் காரணம்.

‘கனார்ட் புஷர்’ என்னும் பெயரில் வெளிவந்த செய்திமடல் இந்நூலின் தொடர்ச்சியாகும். நூலில் நேர்ந்த பிழைகள், கட்டுவோர் எழுதிய வினாக்கள், நிகழ்ந்த விபத்துகள், கட்டாயமாகச் செய்யவேண்டிய திருத்தங்கள் ஆகியன அதில் வெளியிடப்பட்டன. ஓரிடத்தில் ஒருவர் கண்ட தவறு மற்றெல்லாருக்கும் உரிய அறிவாக மாறிற்று. ஆகவே மூலப்பனுவல் ஒருவரால் எழுதப்பட்டதாயினும், காலப்போக்கில் அது ஒரு கூட்டுப்பனுவலாக வளர்ந்தது. ஏடெழுதியோரும் உரையாசிரியரும் இடைவிடாது திருத்திவந்த நூல்களின் வரலாற்றை அறிந்த நமக்கு இது வியப்பைத் தருவதன்று.

இவ்வுழைப்பின் தன்மையையும் குறிப்பிடுதல் வேண்டும். தொழிற்சாலையில் ஒரே துளையை நாள்முழுதும் இடும் தொழிலாளிக்கு முழு விமானமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டில் கட்டுபவருக்கோ முதல் நுரைக்கட்டி முதல் இறுதித் திருகாணி வரை அனைத்தும் தெரியும். தாம் செய்ததிலேயே தம் உயிரை வைத்துப் பறக்கிறார். இவ்வுழைப்பிலுள்ள முழுமை உண்மையானது. அதனை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் ஆய்வாகாது. அதேவேளை, சில ஆண்டுகளின் ஓய்வுநேரமும் ஒரு கொட்டகையும் சில ஆயிரம் டொலர்களும் இருந்தோர்க்கே இம்முழுமை கிட்டியது என்பதையும் மறத்தலாகாது.

4

இனி எஞ்சினை நோக்குவோம். லோங்-ஈசிக்கு விதிக்கப்பட்டது 115 பரிவலு கொண்ட லைகொமிங் ஆடுதண்டு எஞ்சின். அதன் நிறை ஏறத்தாழ 250 இறாத்தல். பிற்காலத்திற் சிலர் அதன் இடத்திற் பொருத்தியது ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தின் ‘ரி-58’ என்னும் சுழலி எஞ்சின்.

ரி-58 சந்தையின் தேவையிற் பிறந்ததன்று. 1953இல் அமெரிக்கக் கடற்படை, 400 இறாத்தலுக்கு மேற்படாத நிறையும் 800 பரிவலுவுக்குக் குறையாத ஆற்றலும் கொண்ட ஹெலிகொப்ரர் எஞ்சினை வேண்டியது. உருவான எஞ்சினோ ஏறத்தாழ 250 இறாத்தல் நிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பரிவலுவைத் தந்தது. 1957இல் அது சிக்கோர்ஸ்கி ஹெலிகொப்ரரொன்றிற் பறந்தது. அதாவது வீட்டு விமானத்தின் எஞ்சினை ஒத்த நிறையில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு ஆற்றல். பத்துப் படிகள் கொண்ட அமுக்கி, நிமிடத்துக்கு 26,000 தடவை வரை சுழலும் தண்டு, செந்தணல் வெப்பத்தைத் தாங்கும் கலப்புலோக அலகுகள் ஆகியவற்றின் விளைவே இந்த ஒன்பது மடங்கு. எந்த வீட்டுக் கொட்டகையிலும் இவற்றை ஆக்கமுடியாது. உலோகவியலாளர், வார்ப்பாளர், கடைசல் தொழிலாளர், சோதனையாளர் ஆகிய பல்லாயிரவரின் உழைப்பு, அரச நிதியால் ஒருங்கிணைக்கப்பட்டு அவ்வலகுகளில் உறைந்துள்ளது.

அவ்வெஞ்சின் எங்கெங்கு பறந்தது என்பதும் வரலாறே. ‘சீ கிங்’, ‘சீ நைற்’ ஆகிய ஹெலிகொப்ரர்களை இயக்கியது ரி-58. வியற்நாமில் அமெரிக்கக் கடற்படைத் துருப்பினரைப் போர்க்களத்துக்கு ஏற்றிச் சென்றவையும், காயமுற்றோரைத் திருப்பிக் கொணர்ந்தவையும், வீழ்த்தப்பட்ட விமானிகளை மீட்கச் சென்றவையும் இவற்றுள் அடங்கும். அமெரிக்கக் கடற்படைத் துருப்பினர் 2015இலேயே சீ நைற்றை இறுதியாகச் சேவையிலிருந்து நீக்கினர். இவ்வாறு கழிக்கப்பட்ட எஞ்சின்கள் மிகைப்பொருளாக விற்பனைக்கு வந்தன. கொட்டகைக்கு வந்துசேர்ந்தபோது அவற்றின் விலை, அவற்றை ஆக்கிய உழைப்போடு எவ்விதத் தொடர்புமற்றிருந்தது. போருக்காகக் குவிக்கப்பட்ட சமூக உழைப்பு, போர் தன் தேவையை முடித்துக்கொண்ட பின்னர், கழிவுப்பொருளின் விலையில் ஒரு தனிமனிதர் கையை அடைகிறது. ‘தாமே கட்டிய தாரை விமானம்’ என்ற பெருமையின் அடியில் இருப்பது இதுவே.

5

ஹெலிகொப்ரர் எஞ்சின் தாரை எஞ்சினாகும் விதம் கொள்கையளவில் எளியது. ரி-58இல் இரு பகுதிகள் உள. முற்பகுதி காற்றை அமுக்கி, எரிபொருளை எரித்து, வெப்ப வாயுவை ஆக்குகிறது. அமுக்கியைச் சுழற்றுவதற்கான சுழலியும் இப்பகுதியிலேயே உண்டு. பிற்பகுதி, அவ்வாயுவில் எஞ்சிய ஆற்றலைப் பெற்று ஹெலிகொப்ரரின் விசிறியைச் சுழற்றும் தனிச்சுழலி. இப்பிற்பகுதியைக் கழற்றிவிட்டு, குறுகிச்செல்லும் கூம்புக்குழாயொன்றைப் பொருத்தினால், வாயு பெருவேகத்துடன் வெளியேறி விமானத்தை நேரடியாக உந்துகிறது. உதைப்பு ஏறத்தாழ 800 இறாத்தல். 160 கடல்மைல் வேகத்திற் பறக்கும் லோங்-ஈசிக்கு அதன் உந்துவிசிறி தரும் உதைப்பு 200 இறாத்தலுக்கும் குறைவென்பதை இதனோடு ஒப்பிடலாம்.

முரண்பாடு இங்கேதான் தொடங்குகிறது. தாரையின் வேகமும் விமானத்தின் வேகமும் ஒன்றையொன்று அண்மிக்கும்போதே தாரை எஞ்சின் சிக்கனமாக உழைக்கும். ரி-58இலிருந்து வெளியேறும் வாயுவின் வேகம் செக்கனுக்கு 600 மீற்றர் அளவினது. லோங்-ஈசி எக்காரணங்கொண்டும் தாண்டலாகாது என விதிக்கப்பட்ட வேகமோ மணிக்கு 220 மைல். அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 100 மீற்றர். இவ்விரு வேகங்களையும் கொண்டு கணித்தால், வாயுவின் இயக்க ஆற்றலில் நூற்றுக்கு முப்பதுக்கும் குறைந்த பங்கே விமானத்தை நகர்த்தப் பயன்படுவதைக் காணலாம். எஞ்சியது பின்னால் வானத்துக்கு வீசப்படுகிறது. நல்ல உந்துவிசிறியோ நூற்றுக்கு எண்பதைப் பயனாக்கும். வேகத்தைக் கூட்டி இக்குறையைத் தீர்க்கவும் வழியில்லை. கூட்டினால் சிறகும் கட்டுப்பாட்டுத் தளங்களும் அதிர்ந்து சிதையலாம்.

எரிபொருளின் கணக்கு இதனினும் வெளிப்படையானது. லோங்-ஈசியின் தாங்கிகள் 52 அமெரிக்கக் கலன் கொள்வன. ஆடுதண்டு எஞ்சினோடு சிக்கனமாகப் பறந்தால் அது எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போதுமானது. அதே அளவு எரிபொருளை ரி-58 முழு உதைப்பில் அரை மணித்தியாலத்துக்குள் எரித்துவிடும். குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் செல்வதே இவ்விமான வகையின் சாதனையாகும். 1986 டிசெம்பர் 14 முதல் 23 வரை, இடையில் இறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் டிக் றூற்றனும் ஜீனா யேகரும் உலகைச் சுற்றிவந்த ‘வொயேஜர்’ இச்சிந்தனையின் உச்சம். தாரை எஞ்சின் அச்சாதனையையே மறுதலிக்கிறது.

ஈர்ப்புமையத்தின் பிரச்சினை உயிரோடு சம்பந்தப்பட்டது. விமானியின்றி நிற்கும் லோங்-ஈசி, பின்னால் எஞ்சினின் பாரத்தாற் சாய்ந்துவிடாதிருக்க, மூக்கை நிலத்தில் ஊன்றி முழந்தாளிட்டு நிறுத்தப்படுகிறது. பின்பாரம் சற்றே கூடினும் முன்சிறகு முதலில் தூக்குவிசையை இழக்கும் என்ற காப்பு குலையும். அப்போது பிரதான சிறகே முதலில் ஓய, மூக்கு மேலேயிருக்க, மீட்கமுடியாதவாறு விமானம் அமிழக்கூடும். ஆகவே எஞ்சினை மாற்றுபவர் குழாய், தாங்கி, மின்கலம் ஒவ்வொன்றின் நிறையையும் இடத்தையும் மீண்டும் கணித்தல் வேண்டும். செக்கனுக்கு ஐந்து கிலோகிராமுக்கும் அதிகமான காற்றை உட்கொள்ளும் எஞ்சினுக்குரிய வாய்களை உடலில் வெட்டுதல், இளகும் பிசினாலான சுவரை வெப்பக்குழாயிலிருந்து காத்தல் ஆகியனவும் நூலில் எழுதப்படாத அதிகாரங்களே. எடைகூடிய எஞ்சின்களுக்கும் திட்டத்திலிருந்து விலகும் மாற்றங்களுக்கும் எதிராகச் செய்திமடல் எச்சரித்து வந்தமைக்குக் காரணம் இதுதான்.

பொறியியல் நோக்கிற் பொருந்தாத இம்மாற்றத்தைச் சிலர் ஏன் மேற்கொண்டனர்? எஞ்சின் மலிவாகக் கிடைத்தமை ஒரு காரணம். செய்துபார்க்கும் ஆர்வம் மற்றொன்று. ஆயின் இவை முழு விளக்கமாகா. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் பறத்தலின் இலட்சிய உருவம் போர்விமானத்தின் உருவமாகவே ஆக்கப்பட்டிருந்தது. தாரையின் ஓசையும் மண்ணெண்ணெயின் மணமும் நிமிர்ந்தேறும் வேகமும் பயன்பெறுமானத்தை மிஞ்சிய கவர்ச்சியைப் பெற்றிருந்தன. விகெனின் சாயலிற் பிறந்த விமான வகை, தாரை எஞ்சினைப் பெற்றபோது தன் மூல உருவத்தையே மீண்டும் அடைந்தது எனலாம். எளியோரின் சிக்கனமான சிறகு, தன்னைப் போர்விமானமாகக் கனவு கண்டது.

6

இச்சோதனைகளைச் சட்டம் அனுமதித்தமையும் கவனத்துக்குரியது. விமானத்தின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே கட்டியவர், அதனைப் ‘பரிசோதனை’ வகையிற் பதிவுசெய்யலாம். எஞ்சின் சான்றிதழ் பெற்றதாக இருக்கவேண்டுமென்பதில்லை. தொழிற்சாலை விமானங்களின் நிலையோ வேறு. நட்டஈட்டு வழக்குகள் ஒருபுறமும் பொருளாதாரத் தளர்ச்சி மறுபுறமும் அழுத்த, 1978இல் 17,000க்கு மேற்பட்டிருந்த அமெரிக்கச் சிறுவிமானங்களின் ஆண்டு விற்பனை, 1994இல் ஆயிரத்துக்கும் கீழே சென்றது. வழக்கின் அச்சம் நூலையும் விட்டுவைக்கவில்லை. 1985இல் றூற்றனின் நிறுவனம் கட்டுமான நூல்களை விற்பதை நிறுத்திக்கொண்டது. அறிவைப் பொதுவாக்கிய பனுவல், அறிவுக்குச் சொந்தக்காரர் இழப்புக்கும் பொறுப்பாளி என்னும் சொத்துரிமைத் தர்க்கத்தின் முன் மௌனமாக்கப்பட்டது.

திட்டத்திலிருந்து விலகுதல் எத்துணை பாரதூரமானது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. 1997 ஒக்ரோபர் 12இல் பாடகர் ஜோன் டென்வர் கலிபோர்ணியாவின் மொன்றே விரிகுடாவில் வீழ்ந்து மாண்டது லோங்-ஈசி விமானமொன்றிலேயாகும். அதற்கிருந்தது ஆடுதண்டு எஞ்சினே. ஆயின் எரிபொருள் தாங்கியை மாற்றும் கைப்பிடி, நூல் விதித்தவாறு விமானியின் முன்னால் இல்லாது, அவரது தோளுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. அவர் அதைத் திரும்பி எட்டமுயன்றபோது கால் தன்னையறியாமற் சுக்கான் மிதியை அழுத்தியது எனத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவுசெய்தது. கைப்பிடியின் இடமாற்றத்தையும் எரிபொருட் குறைவையும் துணைக்காரணங்களாகக் காட்டியது. டென்வர் அவ்விமானத்தைக் கட்டியவரல்லர், அண்மையில் வாங்கியவர். கட்டியவர் கையில் இருந்தவரை அது முழுமையாக அறியப்பட்ட பொருள். கைமாறியதும் பொருள் சென்றது, அறிவு உடன்செல்லவில்லை. ஒரு கைப்பிடியின் இடமாற்றமே இவ்வாறாயின், எஞ்சினையே மாற்றுவோர் தம் மாற்றத்தை எழுதிவைக்கவும் பிறர் கண்டனத்துக்கு அதனை உட்படுத்தவும் எத்துணை கடமைப்பட்டவர்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

7

இவ்வரலாறு ஒரு விசித்திரமான வட்டத்தையும் நிறைவுசெய்கிறது. 2001இல் மொகாவியில், எக்ஸ்கோர் நிறுவனம் லோங்-ஈசியொன்றிற் தலா 400 இறாத்தல் உதைப்புள்ள இரு ரொக்கட் எஞ்சின்களைப் பொருத்த, டிக் றூற்றன் அதனைப் பறக்கவிட்டார். 2008 யனவரி 31இல், அமெரிக்க விமானப்படையின் ஆய்வுகூடம், தொடர்வெடிப்பால் இயங்கும் புதுவகைத் தாரை எஞ்சினை முதன்முதலாக ஆளேறிய விமானத்திற் சோதித்தது. அவ்வெஞ்சினில் மோட்டார் வாகன உறுப்புகளும் பயன்படுத்தப்பட்டிருந்தன. தெரிந்தெடுக்கப்பட்ட விமானம் ஒரு லோங்-ஈசி. அது இன்று டேற்றன் நகரிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அரசு கழித்த எஞ்சினைக் கொட்டகை எடுத்துக்கொண்டது. கொட்டகையின் சிறகை அரசின் ஆய்வுகூடம் எடுத்துக்கொண்டது. முன்னையது கழிவாகக் கொடுக்கப்பட்டது. பின்னையது மலிவான சோதனைத்தளமாகப் பெறப்பட்டது. இருவழியிலும் போர்த்துறைக்கு நட்டமில்லை.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வீட்டிற் கட்டப்பட்ட தாரை விமானம் ஒருவரின் தனிச்சாதனை என்ற கருத்து நிலைபெறமாட்டாது என்பது தெளிவாகும். அதில் மூவகை உழைப்புகள் சந்திக்கின்றன: நுரையையும் நாரையும் பொருந்தச்செய்த கட்டுபவரின் உழைப்பு, பிழைகளைப் பகிர்ந்து பனுவலை வளர்த்த கூட்டத்தின் உழைப்பு, போரின் பெயரால் திரட்டப்பட்டு எஞ்சினில் உறைந்துபோன சமூகத்தின் உழைப்பு. முதலாவது மட்டுமே புகைப்படத்தில் விழுகிறது.

அதனால் முதலாவதைச் சிறுமைப்படுத்துதல் நமது நோக்கமன்று. நுரைக்கட்டியை அறுத்து, பிசின் உலரக் காத்திருந்து, தன் கையால் ஆன சிறகில் ஏறி அமர்ந்த மனிதரிடம், உழைப்பு எவ்வாறு இருத்தல் கூடும் என்பதற்கான ஒரு சாட்சியம் உண்டு. ஆயின் இவ்வரலாற்றில் உண்மையாகவே புதியதைச் செய்தது 800 இறாத்தல் உதைப்பன்று. கைக்கு விளங்குமாறு எழுதப்பட்ட ஒரு நூலும், தவறுகளை மறைக்காது அச்சிட்ட ஒரு செய்திமடலுமே அதனைச் செய்தன. எஞ்சின் போரிலிருந்து வந்தது. அதற்கு வாரிசுகள் பலர். அந்நூலுக்கும் செய்திமடலுக்கும் வாரிசுகளாவதே கடினமானது; அவசியமானதும் அதுவே என நாம் கருதுகிறோம்.